தெருமுனைக் குடி, ரகளை, பைக் சத்தம்: குடியிருப்போரும் காவல் நிலையமும் சேர்ந்து சரிசெய்ய முழுமையான வழிகாட்டி

கும்பகோணம், தஞ்சாவூர், மயிலாடுதுறை, திருவாரூர் என்று டெல்டாவின் எந்த ஊரை எடுத்தாலும் வார்டுக்கு ஓரிடம் இப்படி இருக்கிறது. வாய்க்கால் மதகுக் கட்டை, விளக்கில்லாத படித்துறை, வேலி போடாத காலி மனை, மூடிக் கிடக்கும் ரைஸ்மில் சுவரோரம். இருட்டினால் பாட்டில் திறக்கும், கெட்ட வார்த்தை பறக்கும், டியூஷன் முடிந்து வரும் பெண் பிள்ளைகள் வேறு தெரு வழியாகச் சுற்றிப் போவார்கள்.

பெரும்பாலான தெருக்காரர்கள் ஒருநாள் பொறுமை இழந்து, கும்பலாக ஸ்டேஷனுக்குப் போய் மனு கொடுப்பதில்தான் தொடங்குகிறார்கள். இரண்டு நாள் ரோந்து வண்டி வரும், மூன்றாம் நாள் பழையபடி ஆகிவிடும். மனு கொடுப்பது தேவைதான். ஆனால் அதற்கு முன்னால் செய்து முடிக்க வேண்டிய வேலைகள் இருக்கின்றன. அவற்றைச் செய்துவிட்டுப் போனால் அதே காவல் நிலையம் வேறு விதமாகக் கேட்கும்.

1. தொடங்குமுன் வேண்டியவை

ஆட்கள் 5 முதல் 7 பேர் போதும். அதில் குறைந்தது இருவர் பெண்களாக இருக்கட்டும். அந்த முனையில் கடை வைத்திருப்பவர் ஒருவரும், பகலில் வீட்டில் இருக்கும் ஓய்வு பெற்றவர் ஒருவரும் இருந்தால் நல்லது. கட்சிப் பொறுப்பில் இருப்பவரை முன்னால் நிறுத்த வேண்டாம். அவர் நல்லவராகவே இருந்தாலும், எதிர்த்தரப்பு அதைக் கட்சிச் சண்டை என்று திருப்பிவிடும்.

ஒரு நீளமான கோடு போட்ட நோட்டு, ஒரு ஃபைல், தெருவின் கை வரைபடம். வரைபடத்தில் வீட்டுப் பெயர்கள் வேண்டாம். மின்கம்பங்களும் அவற்றில் எழுதியிருக்கும் எண்களும், மதகு, குழாய், கோயில், பள்ளி, டாஸ்மாக் கடைக்குப் போகும் பாதை ஆகியவை இருந்தால் போதும்.

உங்கள் தெரு எந்தக் காவல் நிலைய எல்லை என்பதை உறுதி செய்துகொள்ளுங்கள். ஆறோ பெரிய சாலையோ எல்லையாக இருக்கும் ஊர்களில் தெருவின் இரு முனையும் இரண்டு ஸ்டேஷனுக்குப் போவது சாதாரணம். இது தெரியாமல் போனால் முதல் வாரம் முழுதும் "அது எங்க லிமிட் இல்லீங்க" என்ற பதிலிலேயே கழிந்துவிடும்.

2. இரண்டு வாரம் எழுதுங்கள், பேசாதீர்கள்

முழு வேலையிலும் பலன் அதிகம் தருவது இதுதான். எல்லோரும் தாண்டிக் குதிப்பதும் இதைத்தான்.

"தினமும் ராத்திரி குடிச்சிட்டு ரகளை பண்றாங்க" என்று சொன்னால் இன்ஸ்பெக்டரால் அதைக் கொண்டு எதுவும் செய்ய முடியாது. அவரிடம் இருப்பது ஒன்றிரண்டு ரோந்து வண்டி, இரவுப் பணியில் சில காவலர்கள். எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு, எந்த இடம் என்று தெரிந்தால்தான் அவர் அந்த வண்டியைத் திருப்பிவிட முடியும்.

ஒரு பதிவு இப்படி இருக்க வேண்டும்:

"14ஆம் தேதி, வெள்ளி. இரவு 9.40. மதகுக் கட்டையில் 5 பேர், 2 பைக். ஒரு வண்டியின் கடைசி நான்கு எண் பார்த்தது. 9.55க்கு பாட்டிலைத் தெருக்குழாய் மேடையில் உடைத்தார்கள். 10.05க்கு அந்த வழியே வந்த இரண்டு பெண்களைப் பார்த்து ஆபாசமாகப் பேசினார்கள், பேசியது தனித்தாளில். 10.10க்கு 100ஐ அழைத்தோம். 10.45க்கு வண்டி வந்தது, கலைந்தார்கள். 11.30க்கு 3 பேர் திரும்ப வந்தார்கள். பார்த்தவர்: இருவர்."

இதில் 11.30க்குத் திரும்ப வந்ததைச் சொல்லும் வரிதான் உயிர். கலைந்தவர்கள் எப்போது திரும்புகிறார்கள் என்று தெரிந்தால், ரோந்து ஒருமுறை வந்து போவதைவிட முக்கால் மணி நேரம் கழித்து இரண்டாம் முறை வருவதுதான் தேவை என்பது புரிந்துவிடும்.

வண்டி எண்ணைக் குறிக்கும்போது கடைசி நான்கு இலக்கத்தை முதலில் எழுதுங்கள். தொடக்கம் பெரும்பாலும் டி.என். 49, 50, 51, 68, 82 ஆகிய ஒன்றாகத்தான் இருக்கும். அதைப் பிறகு சரிபார்க்கலாம். வண்டியின் நிறமும் சைலன்சர் மாற்றப்பட்டதா என்பதும் அடுத்து.

ஆளின் பெயரை நோட்டில் எழுத வேண்டாம். நேரில் பார்த்து உறுதியாகத் தெரிந்தால் தனித்தாளில் எழுதி ஒருவரிடம் வையுங்கள். நோட்டு பல கை மாறும். ஒரு தவறான பெயர் போதும், வேலை முழுதும் கெட்டுப்போக.

அருகில் போய் ஃபோனில் வீடியோ எடுப்பது கூடவே கூடாது. அடிதடி தொடங்குவது பெரும்பாலும் அங்கேதான். ஜன்னலுக்குள் இருந்து பார்த்து எழுதினாலே போதும்.

இரண்டு வாரம் முடிந்ததும் நோட்டைப் புரட்டினால் ஓர் ஒழுங்கு தெரியும். டாஸ்மாக் கடைகள் மூடும் நேரம் இரவு 10 மணி என்பதால், 9.45க்கும் 11.30க்கும் நடுவில் பதிவுகள் குவிந்திருக்கும். வெள்ளி, சனி கூடுதலாக இருக்கும். காலை 6 மணிக்கே கூட்டம் இருந்தால், பக்கத்தில் எங்கோ திருட்டுத்தனமாகப் பாட்டில் விற்கிறார்கள் என்று அர்த்தம், ஏனென்றால் கடை திறப்பது பகல் 12 மணிக்கு. அது வேறு புகார், வேறு அலுவலகம்.

3. எது யார் வேலை என்று பிரியுங்கள்

எல்லாவற்றையும் ஒரே மனுவில் கொட்டினால், படிக்கும் ஒவ்வொருவரும் தன் துறைக்குச் சேராத வரியைக் காட்டி அதை நகர்த்திவிடுவார். ஒரு பிரச்சினைக்கு ஒரு மனு, ஒரு பெறுநர்.

எரியாத தெருவிளக்கும், குப்பையும், புதர் மண்டிய காலி மனையும் நகராட்சி அல்லது மாநகராட்சி ஆணையருக்கு. விளக்குக்குக் கம்ப எண் இல்லாமல் மனு கொடுக்காதீர்கள். காலி மனையின் உரிமையாளர் யார் என்று தெருவில் ஒருவருக்கும் தெரியாது. காலிமனை வரிப் பதிவேட்டில் இருக்கும். நகர நில அளவை எண்ணைக் குறிப்பிட்டால் உரிமையாளருக்கு நோட்டீஸ் போவது எளிது.

ஆற்றங்கரை, வாய்க்கால் கரை, மதகு எல்லாம் நீர்வளத் துறையின் பொறுப்பு. கரையில் சீமைக்கருவேலம் மறைப்பாக வளர்ந்திருந்தால் உதவிப் பொறியாளருக்கு எழுதுங்கள். கோயில் குளமும் அதன் படிக்கட்டும் அறநிலையத் துறையிடம் இருந்தால் செயல் அலுவலருக்கு. தண்டவாள ஓரம் ரயில்வே பாதுகாப்புப் படைக்கு. 139க்கு அழைத்தாலும் பதிவாகும்.

டாஸ்மாக் கடை அமைந்த இடத்தைப் பற்றிய புகார் மாவட்ட ஆட்சியருக்கும் டாஸ்மாக் மாவட்ட மேலாளருக்கும் போக வேண்டும். 2003ஆம் ஆண்டு விதிகளின்படி மாநகராட்சி, நகராட்சிப் பகுதியில் வழிபாட்டுத் தலம், கல்வி நிலையத்திலிருந்து 50 மீட்டருக்குள்ளும், மற்ற பகுதிகளில் 100 மீட்டருக்குள்ளும் கடை இருக்கக் கூடாது. நேரம் கடந்து பாட்டில் விற்பது, காரைக்கால் பக்கத்திலிருந்து வரும் சரக்கு, கஞ்சா ஆகியவை மதுவிலக்கு அமலாக்கப் பிரிவுக்கு. அதற்கான கட்டணமில்லா எண் 10581. நாகை, மயிலாடுதுறை மாவட்டக்காரர்களுக்கு இந்த எண் மனப்பாடமாக இருக்க வேண்டும்.

ஒலிபெருக்கிக்கு 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் உள்ளன: இரவு 10 முதல் காலை 6 வரை வெளியிடத்தில் போடக் கூடாது. திருவிழா நாட்களுக்கு மட்டும், ஆண்டுக்கு 15 நாளுக்கு மேற்படாமல், நள்ளிரவு வரை அரசு தளர்வு தரலாம். கோயில் திருவிழாச் சத்தத்தையும் மதகுக் கட்டைக் குடியையும் ஒரே புகாரில் சேர்த்தால் பாதித் தெரு உங்களை விட்டு விலகிவிடும். சேர்க்க வேண்டாம்.

மீதி இருப்பது காவல் நிலையத்துக்கு உரியது: ஆபாசப் பேச்சு, பெண்களைப் பின்தொடர்வது, மிரட்டல், அடிதடி, பைக் பந்தயம், பொது இடத்தில் குடிபோதை ரகளை.

4. ஆளை விடுங்கள், முதலில் இடத்தைச் சரிசெய்யுங்கள்

காவல் நிலையத்துக்குப் போகும்முன் இதை முடித்துவிட்டால் பிரச்சினையில் பெரும் பகுதி தானே குறையும். மறைவும் இருட்டும் உட்கார வசதியும் சேர்ந்த இடத்தில்தான் கூட்டம் கூடுகிறது. மூன்றில் ஒன்றை எடுத்தாலே இடத்தின் சௌகரியம் கெட்டுவிடும்.

விளக்கு முதலில். ஆணையர் அலுவலக மனு நகரும்வரை, முனை வீட்டுக்காரர்கள் இருவர் தங்கள் வாசலில் தெருவை நோக்கி விளக்குப் போட்டு விடியும்வரை எரியவிடட்டும். வெளிச்சம் கண்ணில் அடிக்காமல் தரையில் விழ வேண்டும். கண்ணைக் கூசும் ஃபோகஸ் விளக்கு, அதன் பின்னால் நிற்பவரை மறைத்துவிடும்.

அடுத்தது புதரும் உடைந்த பாட்டிலும். ஞாயிறு காலை தெருவே இறங்கி மதகையும் படித்துறையையும் சுத்தம் செய்யுங்கள். செருப்பு, தடித்த கையுறை, துடைப்பம், இரும்பு முறம், கண்ணாடிக்குத் தனிச் சாக்கு. கண்ணாடியைத் தூய்மைப் பணியாளரின் வண்டியில் மற்ற குப்பையோடு போட்டுவிடாதீர்கள், அவர் கை கிழியும். முன்கூட்டியே வார்டு மேற்பார்வையாளரிடம் சொல்லித் தனியாக ஒப்படையுங்கள்.

மதகுக் கட்டை நீர்வளத் துறையின் சொத்து. அதில் முள்கம்பி சுற்றுவதும் கண்ணாடிச் சில்லு பதிப்பதும் சட்டப்படி தவறு. இரவில் தண்ணீர் பார்க்க வரும் விவசாயியின் காலில்தான் குத்தும்.

பிறகு, காலியாகக் கிடக்கும் நேரத்தில் அந்த இடத்தில் நல்ல நடமாட்டம் உண்டாக்க வேண்டும். 8 மணிக்கு மேல் பெண்கள் சேர்ந்து நடப்பது, பிள்ளைகளுக்கு ஷட்டில் கோடு போட்டுக் கொடுப்பது, டிபன் கடைக்காரரிடம் பேசித் தள்ளுவண்டியை முனைக்கு மாற்றச் சொல்வது. தள்ளுவண்டி மட்டும் 10.30 வரை நின்றாலே போதும், பாட்டிலோடு வருகிறவர்கள் வேறு இடம் பார்ப்பார்கள்.

இடிந்து விழும் நிலையில் பாழடைந்த கட்டடம் இருந்தால் கோட்டாட்சியருக்கு எழுதுங்கள். பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா பிரிவு 152இன் கீழ் அதைச் சரிசெய்யவோ இடிக்கவோ உரிமையாளருக்கு அவர் உத்தரவிடலாம். 2024 ஜூலை 1க்கு முன் இதுவே குற்றவியல் நடைமுறைச் சட்டம் 133. பழைய எண்ணைப் போட்டு எழுதிய மாதிரி மனுக்கள் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கின்றன, அவற்றை நகலெடுக்காதீர்கள்.

5. வெறுமனே உட்கார்ந்திருப்பவனைக் குற்றவாளி ஆக்காதீர்கள்

வேலை முடிந்து வந்து கட்டையில் உட்கார்ந்து பேசுவது குற்றம் அல்ல. வீட்டில் இடமில்லாத பையனுக்கு மதகுதான் திண்ணை. நோட்டில் எழுதியதை மீண்டும் படித்து, வெறுமனே உட்கார்ந்திருந்த நாட்களை அடித்துவிடுங்கள். அந்த நாட்களையும் சேர்த்துப் புகார் கொடுத்தால் மற்ற பதிவுகளின் மதிப்பும் போய்விடும்.

இதில் பெரிய அபாயம் ஒன்று இருக்கிறது, அதை நேராகவே சொல்லிவிட வேண்டும். "அந்தத் தெருப் பசங்க", "அந்த ஆளுங்க", "வடக்கத்தி ஆளுங்க" என்று பேச்சு திரும்பினால், பிரச்சினை அந்த நிமிஷமே சாதிச் சண்டையாகவோ வெளியூர்த் தொழிலாளர் மீதான வெறுப்பாகவோ மாறிவிடும். அநியாயமாக ஒரு தெருவின் மீதே பழி சுமத்தப்படும். கூட்டத்திலோ மனுவிலோ வாட்ஸ்அப்பிலோ சாதி, தெரு அடையாளம், ஊர் அடையாளம் எதுவும் வரக் கூடாது. செயல், நேரம், இடம் மட்டும். அந்தப் பக்கத்துத் தெருப் பெண்களும் அதே கூட்டத்தால் அவதிப்படுகிறார்கள் என்பது போய்ப் பேசினால் தெரியவரும். அவர்களில் இருவரைக் குழுவில் சேருங்கள்.

பையன்களைத் தெரிந்த பெரியவர் இருந்தால், அவர் ஒருமுறை வீட்டாரிடம் பேசட்டும். பகலில், தனியாக, தணிந்த குரலில். "உங்க பையனைக் குறை சொல்ல வரலைம்மா, ராத்திரி அந்த இடத்துல நடக்கிறது போலீஸ் வரைக்கும் போகப் போகுது, முன்னாடியே சொல்லிட்டுப் போறேன்" என்ற அளவில் நிறுத்திவிட வேண்டும். குடித்திருக்கும்போது அவர்களிடமே போய்ப் பேசுவதில் ஒரு பயனும் இல்லை.

6. மனு எழுதும் விதம்

ஒரே பக்கம். அனுப்புநர், பெறுநர், பொருள், பிறகு நான்கு பத்தி. பெறுநர் காவல் ஆய்வாளர்.

முதல் பத்தியில் இடத்தை ஐயமில்லாமல் சொல்லுங்கள்: தெரு, மின்கம்ப எண், மதகு, அருகில் உள்ள பள்ளி. இரண்டாவதில் நோட்டிலிருந்து எண்ணிக்கை: 14 நாளில் எத்தனை நாள், எந்த நேரம். மூன்றாவதில் மிக மோசமான மூன்று சம்பவங்கள், தேதி நேரத்தோடு. நான்காவதில் என்ன வேண்டும் என்பது.

மூன்றாம் பத்திதான் மனு எந்தத் திசையில் போகும் என்பதைத் தீர்மானிக்கிறது. "பொதுமக்களுக்குத் தொல்லை" என்று மட்டும் எழுதினால் அது பாரதிய நியாய சன்ஹிதா (பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது) பிரிவு 292. அபராதம் 1,000 ரூபாய் வரை. நீதிமன்ற உத்தரவு இல்லாமல் போலீஸ் புலன்விசாரணை செய்ய முடியாத வகை அது. பொது இடத்தில் ஆபாசமாகப் பேசியது பிரிவு 296, பெண்ணின் கண்ணியத்தைக் குலைக்கும் சொல்லும் சைகையும் பிரிவு 79, ஆபத்தாக வண்டி ஓட்டியது பிரிவு 281. இவற்றில் போலீஸ் நேரடியாக வழக்குப் பதியலாம். ஆகவே நடந்த செயலை நடந்தபடியே எழுதுங்கள். ஆபாச வார்த்தையை எழுதக் கூச்சப்பட்டு "தகாத முறையில் பேசினர்" என்று முடித்துவிட்டால், எந்தப் பிரிவு பொருந்தும் என்று படிப்பவருக்குத் தெரியாது. மனுவில் எழுத விருப்பமில்லையென்றால் மூடிய உறையில் இணைப்பாகக் கொடுங்கள். நடக்காததை மட்டும் சேர்க்கக் கூடாது. ஒரு பொய் வரி விசாரணையில் உடைந்தால் உண்மையான பத்து வரியும் உடையும்.

"தக்க நடவடிக்கை எடுக்குமாறு" என்று முடிக்காதீர்கள். இப்படிக் கேளுங்கள்: வெள்ளி, சனி இரவு 9.45க்கு ஒருமுறை, 11.15க்கு ஒருமுறை ரோந்து. மதகு அருகில் ஒரு வீட்டுச் சுவரில் பட்டா புத்தகம் (ரோந்து வந்ததைப் பதியும் நோட்டு) வைத்து ரோந்துக் காவலர் நேரத்தோடு கையெழுத்திடுவது. எங்கள் பகுதி பீட் காவலரின் பெயரும் தொடர்பு எண்ணும். பட்டா புத்தகம் சின்ன விஷயம்போலத் தெரியும். ஆனால் ரோந்து வந்ததா இல்லையா என்ற வாக்குவாதமே இல்லாமல் போய்விடும், காவலருக்கும் அது நல்லது.

கையெழுத்து 5 முதல் 7 பேர். 80 கையெழுத்து வாங்கினால் பலம் என்று நினைப்பது பழக்கமான தவறு. விசாரணைக்குக் கூப்பிடும்போது அதில் நாலு பேர் "எனக்கு ஒண்ணும் தெரியாது, கேட்டாங்க போட்டேன்" என்பார்கள், மனுவே சாய்ந்துவிடும்.

7. ஸ்டேஷனில்

போகும்முன் ஃபோன் செய்து இன்ஸ்பெக்டர் இருக்கும் நேரம் கேளுங்கள். பந்தோபஸ்து, கோர்ட், திருவிழா என்று அவர் வெளியில் இருக்கும் நேரமே அதிகம். மூன்று பேர் போதும். மனுவின் இரண்டு நகல், நோட்டின் நகல், வரைபடம். அசல் நோட்டைக் கொடுத்துவிடாதீர்கள்.

மனு கொடுத்தால் சி.எஸ்.ஆர். ரசீது (மனு ஸ்டேஷன் பதிவேட்டில் ஏறியதற்கான சீட்டு) கேட்டு வாங்குங்கள். எண், தேதி, முத்திரை இருக்க வேண்டும். "விசாரிக்கிறோம், போங்க" என்ற வாய்ச்சொல்லோடு திரும்பினால் அந்த மனு எங்கும் பதிவாகவில்லை என்று அர்த்தம். ரசீதும் எஃப்.ஐ.ஆரும் ஒன்று அல்ல. பெண்களைச் சீண்டியது போன்ற நேரடியாகப் பதியக்கூடிய குற்றம் இருந்தால் நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா பிரிவு 173இன் கீழ் எஃப்.ஐ.ஆர். கேளுங்கள், அதன் நகல் இலவசம். எல்லை தகராறு வந்தாலும் எந்த ஸ்டேஷனிலும் பதியலாம் என்று அதே பிரிவு சொல்கிறது.

சாட்சி சொல்ல ஸ்டேஷனுக்கு வர வேண்டுமே என்றுதான் பல பெண்கள் பின்வாங்குகிறார்கள். அதே சட்டத்தின் பிரிவு 179இன்படி பெண்களையும் 60 வயதுக்கு மேற்பட்டவர்களையும் வீட்டைத் தவிர வேறு இடத்துக்கு வரச் சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது. இதைக் குழுவில் முதல் நாளே சொல்லிவிடுங்கள். தயங்கும் பாதிப்பேர் முன்வருவார்கள்.

8. நடந்துகொண்டிருக்கும்போது அழைப்பது

100 அல்லது 112. அழைப்பை எடுப்பவர் உங்கள் ஊர் ஸ்டேஷன்காரர் அல்ல, கட்டுப்பாட்டு அறையில் இருப்பவர். "மதகடியில" என்றால் அவருக்கு எந்த மதகு என்று தெரியாது. மாவட்டம், ஊர், காவல் நிலையம், தெரு, அடையாளம் என்ற வரிசையில் சொல்லுங்கள். பிறகு எத்தனை பேர், கையில் ஆயுதம் உண்டா, யாருக்காவது அடிபட்டதா. இந்த வரிகளை எழுதிச் சுவரில் ஒட்டி வைத்தால் பதற்றத்தில் மறக்காது.

ஒரே சம்பவத்துக்குப் பத்து வீட்டிலிருந்து பத்து அழைப்பு வேண்டாம். இரண்டு வீடு அழைத்தால் போதும். அழைத்த நேரம், வண்டி வந்த நேரம் இரண்டும் நோட்டில் ஏற வேண்டும். வண்டி வந்ததும் எல்லோரும் தெருவில் இறங்கிக் கை நீட்டிக் காட்டாதீர்கள்; யார் அழைத்தது என்று கூட்டத்துக்கு அப்போதே தெரிந்துவிடும்.

நீங்களே ஆளைப் பிடித்துக் கட்டிவைப்பது பேராபத்து. தன் கண்ணெதிரே பிணையில் விட முடியாத கடும் குற்றம் நடந்தால் பொதுஆள் பிடிக்கலாம் என்று நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா பிரிவு 40 சொல்கிறது, ஆனால் 6 மணி நேரத்துக்குள் ஒப்படைக்க வேண்டும். தெருக்குடிக்கு அது பொருந்தாது. ஓர் அடி விழுந்தாலும் வழக்கு உங்கள் மீது வரும். தடியோடு தெருக்காவல் போவதும் இதே கணக்கில்தான் சேரும். காவல்துறையின் நண்பர்கள் என்ற தன்னார்வலர் அமைப்பையே தமிழ்நாடு அரசு 2020இல் தடை செய்ததை நினைவில் வையுங்கள்.

9. கேமரா போடுவதானால்

அவசரப்பட்டு முதலில் வாங்குவது கேமராதான். விளக்கில்லாத இடத்தில் அது வெறும் நிழலைப் பதிவு செய்யும். விளக்கு எரியத் தொடங்கிய பிறகு வாங்குங்கள்.

கடையில் கொடுக்கும் சாதாரண 2.8 எம்.எம். லென்ஸ் தெரு முழுவதையும் காட்டும், ஆனால் 2 மெகாபிக்சலில் 3 மீட்டர் தாண்டினால் முகம் அடையாளம் தெரியாது. 6 எம்.எம். லென்ஸ் என்றால் சுமார் 8 மீட்டர். ஆகவே மொத்தக் காட்சிக்கு ஒன்று, நுழையும் வழியில் முகத்துக்கு ஒன்று. உயரம் 10 முதல் 12 அடி. அதற்கு மேல் போனால் தலைமுடிதான் தெரியும்.

சேமிப்பு: ஒரு கேமரா வினாடிக்கு 2 மெகாபிட் வேகத்தில் நாளுக்கு ஏறக்குறைய 21.6 ஜி.பி. எடுக்கும். 4 கேமரா, 30 நாள் என்றால் 2,600 ஜி.பி. அளவு. 1 டி.பி. டிஸ்க் வாங்கினால் 12 நாளிலேயே பழையது அழிந்துவிடும், போலீஸ் கேட்கும்போது காட்சி இருக்காது. 4 டி.பி. வாங்குங்கள். மின்தடைக்கு யு.பி.எஸ். தேவை. மாதம் ஒருமுறை கடிகாரத்தைச் சரிபாருங்கள். பத்து நிமிஷம் தள்ளிக் காட்டினால் எதிர்த்தரப்பு வக்கீலுக்கு அது ஒன்றே போதும்.

குளிக்கும் படித்துறையை நோக்கிக் கேமரா திரும்பவே கூடாது. பெண்கள் குளிக்கும் இடத்தைப் பதிவு செய்வது பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 77இன் கீழ் குற்றம். எதிர்வீட்டு வாசலும் ஜன்னலும் படத்தில் விழக் கூடாது.

சம்பவம் நடந்தால் இரண்டு நாளுக்குள் அந்தப் பகுதியைத் தனியே சேமியுங்கள். நீதிமன்றத்துக்குப் போக பாரதிய சாக்ஷிய அதிநியம் (புதிய சாட்சியச் சட்டம்) பிரிவு 63(4) சான்றிதழ் வேண்டும். அதில் ஹேஷ் மதிப்பு (கோப்பு மாற்றப்படவில்லை என்று காட்டும் எண்) குறிக்க வேண்டும், கருவியை வைத்திருப்பவரும் நிபுணரும் தனித்தனியே கையெழுத்திட வேண்டும். காட்சியை வாட்ஸ்அப்பில் பரப்பாதீர்கள். அதில் 18 வயதுக்குக் கீழ் உள்ளவர் முகம் இருந்தால், இளைஞர் நீதிச் சட்டம் 2015இன் பிரிவு 74 உங்கள் மீது பாயும்.

10. பதினெட்டு வயதுக்குக் கீழும், கஞ்சாவும்

கூட்டத்தில் பள்ளி வயதுப் பையன்கள் இருந்தால் வழி வேறு. ஒவ்வொரு காவல் நிலையத்திலும் குழந்தைகள் நலக் காவல் அலுவலர் ஒருவர் உண்டு. மனு அவர் பார்வைக்கும் போகட்டும். 1098க்கும் சொல்லலாம். பையன் பைக் ஓட்டினால், மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 199ஏ பெற்றோர் அல்லது வண்டி உரிமையாளரைத்தான் பிடிக்கும்: 25,000 ரூபாய் அபராதம், 3 ஆண்டு வரை சிறை, வண்டிப் பதிவு 12 மாதம் ரத்து. வீட்டாரிடம் பேசப் போகும் பெரியவர் இதை மட்டும் சொன்னாலே பல வீட்டில் சாவி பீரோவுக்குள் போய்விடும்.

கஞ்சா விற்பனையைச் சந்தேகித்தால் நோட்டில் எழுதாதீர்கள், தெருக் கூட்டத்தில் பேசாதீர்கள், மனுவில் சேர்க்காதீர்கள். 10581க்கு நேராகச் சொல்லுங்கள். போதைப்பொருள் சட்டம் 1985இன் பிரிவு 68, தகவல் யாரிடமிருந்து வந்தது என்று சொல்லும்படி அதிகாரியைக் கட்டாயப்படுத்த முடியாது என்கிறது. விற்பவன் வேறு, பழக்கத்தில் மாட்டிக்கொண்டவன் வேறு. மாட்டிக்கொண்ட பிள்ளையின் வீட்டாருக்கு 14446 என்ற போதை மீட்பு உதவி எண்ணைக் கொடுங்கள். அவன் சிகிச்சைக்குப் போகட்டும். எத்தனையோ அம்மாக்கள் யாரிடம் கேட்பது என்று தெரியாமலேயே அழுதுகொண்டிருக்கிறார்கள்.

11. திரும்பத் திரும்ப வருகிறவர்கள்

ரோந்தும் விளக்கும் வந்த பிறகும் அதே இரண்டு மூன்று பேர் ரகளை செய்தால் நன்னடத்தைப் பிணை கேளுங்கள். நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா பிரிவு 126இன் கீழ் அமைதி காப்பதற்கு ஓராண்டு வரை, வழக்கமாகக் குற்றம் செய்பவரிடம் பிரிவு 129இன் கீழ் 3 ஆண்டு வரை, வட்டாட்சியர் அல்லது கோட்டாட்சியர் நிர்வாக நடுவராக இருந்து எழுதி வாங்குவார். ஸ்டேஷன் அறிக்கை அனுப்பினால்தான் இது தொடங்கும். அந்த அறிக்கைக்கு உங்கள் சி.எஸ்.ஆர். எண்களும் 100 அழைப்புப் பதிவுகளும்தான் அடிப்படை. பிணைக் காலத்தில் மீண்டும் ரகளை செய்தால் சிறைக்கு அனுப்ப வழி உண்டு. பிணையில் இருப்பவர் மீண்டும் வந்தால் நோட்டில் தேதி நேரத்தோடு எழுதி அன்றே ஸ்டேஷனுக்குத் தெரிவியுங்கள்.

மிரட்டல் வந்தால் தனி மனு, அதே நாளில். தாமதித்தால் "அப்பவே ஏன் சொல்லல" என்ற கேள்வி வரும். மிரட்டப்பட்டவர் ஒருவராகப் போகாமல் குழுவில் இருவர் கூடப் போங்கள்.

12. மனு நகராவிட்டால்

ரசீது வாங்கி 7 நாளில் இன்ஸ்பெக்டரை மறுபடி பாருங்கள். 15 நாளில் டி.எஸ்.பி. பிறகு எஸ்.பி. அலுவலகத்தில் மனு நாள், பல மாவட்டங்களில் அது புதன்கிழமை. நகராட்சி, நீர்வளத் துறை சார்ந்தவை திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலக மக்கள் குறைதீர்க்கும் நாளுக்கு. முதல்வர் உதவி மைய எண் 1100. எஃப்.ஐ.ஆர். பதிய மறுத்தால் நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா பிரிவு 173(4)இன்படி எஸ்.பி.க்குத் தபாலில் எழுதுங்கள், அதற்கும் பதில் இல்லையென்றால் நீதித்துறை நடுவரிடம் போகலாம்.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தில் சி.எஸ்.ஆர். எண்ணைக் குறிப்பிட்டு நடவடிக்கை விவரம் கேட்கலாம், 30 நாளில் பதில் வர வேண்டும். இதை முதலிலேயே போட்டுவிடாதீர்கள். உதவ நினைக்கும் எஸ்.ஐ.யும் கோப்பைத் தற்காத்துக்கொள்ளத் தொடங்கிவிடுவார்.

13. ஆறு மாதக் கணக்கு

டெல்டாவில் தண்ணீரோடு இடமும் மாறும். மேட்டூர் அணை வழக்கமாக ஜனவரி 28இல் மூடி ஜூன் 12இல் திறக்கும். நடுவில் ஆறு வறண்டிருக்கும் மாதங்களில் கூட்டம் மணலில் இறங்கிவிடும். தெரு அமைதியாக இருக்கும், எல்லோரும் சரியாகிவிட்டது என்று நோட்டை மூடிவிடுவார்கள். தண்ணீர் வந்ததும் அவர்கள் மதகுக்கும் படித்துறைக்கும் ஏறிவருவார்கள். ஆகவே ஜூன் முதல் வாரத்திலேயே விளக்கையும் பட்டா புத்தகத்தையும் சரிபார்த்துவிடுங்கள். ஆற்றுக்குள் இறங்கும் சரிவுகளில் உடைந்த பாட்டில் பொறுக்கும் வேலையும் தண்ணீர் வருமுன் முடிய வேண்டும், அதன்பின் சேற்றில் புதைந்துவிடும்.

உங்கள் தெருவிலிருந்து கூட்டம் அடுத்த தெருவுக்கு நகர்ந்தால், நோட்டின் முறையையும் மனுவின் மாதிரியையும் அந்தத் தெருக்காரர்களிடம் கொண்டுபோய்க் கொடுங்கள். பீட் காவலர் இரண்டுக்கும் ஒருவரே.

இன்ஸ்பெக்டர் மாறுதலாகிப் போனால் புதியவர் பொறுப்பேற்ற முதல் வாரத்தில் இருவர் போய், சி.எஸ்.ஆர். எண்கள், ரோந்து நேரம், பிணை எழுதிக் கொடுத்தவர் விவரம் அடங்கிய ஒரு பக்கத் தாளைக் கொடுங்கள். ரோந்துப் பட்டியல் பெரும்பாலும் அந்த வாரத்தில்தான் புதிதாகப் போடப்படும். உங்கள் தெரு அதில் விட்டுப்போனால் மறுபடி முதல் மனுவிலிருந்து தொடங்க வேண்டிவரும்.